நடவு வயலில் தூளி

தஞ்சை வட்டார வரலாற்றைப் புரட்டினால் அணை உண்டு, கோயில் உண்டு, மிராசுதார் உண்டு, குத்தகைப் போராட்டம் உண்டு. நடவுக்குப் போன தாயின் ஆறு மாதக் குழந்தை அன்று பகல் முழுக்க எங்கே இருந்தது என்பதற்கு மட்டும் அந்தப் பக்கங்களில் அநேகமாக இடமில்லை.

திருக்காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். கல்லணைக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தருகே உள்ள பேரூராட்சி. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களில் நாற்றங்கால், நடவு, களை என்று வேலை விடாமல் வரும். நடவும் களையும் பெண்கள் வேலை. வெயில் ஏறுமுன் வயலில் இறங்கியாக வேண்டும். கைக்குழந்தைக்கு வரப்போர மரக்கிளையில் பழஞ்சேலைத் தூளி. அதை ஆட்ட ஏழெட்டு வயது அக்கா. பள்ளிப் பதிவேட்டில் அவள் 'நின்றுவிட்டாள்'. உண்மையில் அந்தக் குடும்பத்தின் குழந்தைகள் காப்பகமே அவள்தான். அவள் தூளியை ஆட்டியதால்தான் தாயின் கை நாற்றைத் தொட்டது. கூலி அளக்கும்போது அவள் கணக்கில் இல்லை.

அக்கிரகாரத்தில் ஏற்பாடு வேறு. கைம்பெண்ணாகிப் பிறந்தகம் திரும்பிய அத்தையோ சித்தியோ பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தாள். உழைப்புக்குச் சம்பளமில்லை, அண்டியிருக்கிறாள் என்று பேர். இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அத்தைக்குக் கூரையும் சாதியும் இருந்தன. சேரியிலிருந்து வந்த சிறுமிக்கு வரப்பு மட்டுமே.

சட்டங்கள் என்ன செய்தன? 1948 தொழிற்சாலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அது 30 ஆனது. 1951-இல் தேயிலைத் தோட்டங்களுக்கும் இதேபோல் ஒரு விதி வந்தது. நெல்வயலுக்கு வரவில்லை. 1952-இல் தஞ்சைக்கென்றே வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலைநீக்கத்தையும் கூலியையும் பற்றிப் பேசியது. பண்ணையாள் என்றதும் சட்டமியற்றியவர்களுக்கு ஆண் முகமே தோன்றியிருக்க வேண்டும்.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1956-இல் தொடங்கிய காமராசர் கால மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இதில் இரண்டு வயதுக் குழந்தையும் சேர்ந்தது. அவருடைய பசியின் நினைவு, வாக்கு அரசியல், ஊட்டச்சத்து என்றுதான் இதைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு இதன் பெரிய விளைவு வேறாகத் தெரிகிறது. சோறு போட வேண்டுமென்றால் குழந்தையை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்தால் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சோற்றின் பின்னால், யாரும் பெரிதாக அறிவிக்காமல், பகல்நேரக் குழந்தைக் காப்பு கிராமத்துக்கு வந்தது. தம்பி மையத்துக்குப் போனான். அக்காவுக்கும் பள்ளியில் சோறு இருந்தது.

அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. அத்தை வீட்டுக்குள் சும்மா செய்ததற்கு முதன்முறையாகக் காசு. ஆனால் அது தொகுப்பூதியம். முழுநேர அரசு ஊழியராக்கு என்று அந்தப் பெண்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்ற குரலும் ஓயவில்லை. 2018-இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் அது காவல் நிலையம் வரை போனது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மையம் தந்தது சத்துமாவுதான், இடம் இல்லை. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம்தான், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடு என்றது. வரப்போரத்து அக்கா செய்த வேலையை ஒரு சட்டம் வேலை என்று ஒப்புக்கொண்டது. ஊரகத்துக்கான சட்டம் என்பதால் பேரூராட்சியான திருக்காட்டுப்பள்ளிக்கு அது பொருந்தவில்லை.

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. இளந்தாய்மார் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் பேருந்தேறி, துணிக்கடையில் பகல் முழுக்க நின்று இரவில் திரும்புகிறார்கள். அங்கன்வாடி மாலைக்குள் பூட்டப்படுகிறது. அதற்கும் அம்மா இறங்கும் பேருந்துக்கும் இடையிலுள்ள நேரத்தைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். பாட்டி இல்லாத வீட்டில், மூத்த மகள்.