மூளைக்காய்ச்சலும் இழந்த செவியும்

திருகோணமலை என்றதும் வரலாற்று நூல்கள் கப்பல்களையே எண்ணுகின்றன. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் அவற்றிற் பதிவாகியுள்ளன. துறைமுகத்து உழைப்பாளரின் குழந்தைகளை வாட்டிய நோய்களுக்கோ அந்நூல்களில் இடமில்லை. அத்தகைய நோய்களுள் ஒன்று, மக்கள் மூளைக்காய்ச்சல் என்று வழங்கும் மூளையுறை அழற்சி.

இதனை விளைக்கும் பற்றீரியாக்களுள் ஹீமோபிலஸ் இன்ஃபுளுவென்சா 'பி' வகை பெரிதும் இளங்குழந்தைகளையே தாக்குவது. 1930களில் இது பீடித்த கைக்குழந்தை பிழைப்பது அரிது. 1939இல் ஹாட்டி அலெக்சாண்டர் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர், முயலின் குருதியிலிருந்து பெற்ற எதிர்ப்பு மருந்தால் குழந்தைகளைக் காக்கலாமென்று காட்டினார். பின்னர் நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்தன, சாவு குறைந்தது.

ஆயினும் பிழைத்தவர் சிலரை நோயின் தழும்பு விடவில்லை. மூளையைச் சூழ்ந்த நீரிலிருந்து அழற்சி உட்செவிக்குப் பரவி, ஒலியை உணரும் நுண்கலங்களை அழித்தது. சிலருக்கு வலிப்பு கண்டது. சிலருக்கு மூளையில் நீர் தேங்கியது. சிலருக்குக் கைகால் விறைத்தது. பேச்சுக் கற்குமுன் செவியிழந்த குழந்தைக்குப் பேச்சும் எட்டாதாயிற்று. ஊரார் அதனைத் தலைவிதி என்றனர்.

விதிக்கு ஆண்டுக் கணக்கு உண்டா? இக்கிருமியைத் தடுக்கும் ஊசி 1990இல் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது. வறிய நாடுகளுக்கு அதன் விலை எட்டவில்லை. இலங்கையின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியின் பகுதியாக, 2008 சனவரியிலேயே அது சேர்ந்தது. ஊசிக்குப்பின் சில குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டமையால் ஏப்பிரலில் நிறுத்தப்பட்டு, ஆராய்ந்தபின் 2010இல் மீண்டும் தொடங்கிற்று. செல்வ நாட்டுக் குழந்தைக்கும் திருகோணமலைக் குழந்தைக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்! அவற்றிற் பெரும்பகுதியில் கிழக்கு மாகாணம் போரில் வெந்துகொண்டிருந்தது.

இன்றும் நியூமோகொக்கசு முதலிய கிருமிகள் இதே கேட்டை விளைக்க வல்லன. ஆதலால் இக்காய்ச்சலிலிருந்து மீளும் ஒவ்வொரு குழந்தைக்கும் சில வாரங்களுக்குள் செவிப்புலச் சோதனை நடத்தப்பெறல் வேண்டும். தாமதித்தால் உட்செவியில் எலும்பு வளர்ந்து, செவிக்கருவி பொருத்தும் சத்திரசிகிச்சையும் கடினமாகிவிடும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் இதிற் பங்குண்டு. கடைசி வாங்கிலிருந்து மறுமொழி கூறாத பிள்ளையை மந்தன் என்று ஒதுக்குமுன், அவன் குழந்தைப் பருவத்துக் காய்ச்சலைப் பற்றி அவன் தாயிடம் கேட்டறிதல் நம் கடன்.