கட் த கிராப் (இசைத்தொகுப்பு)

கட் த கிராப் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த த கிளாஷ் என்ற பங்க் ராக் இசைக்குழு வெளியிட்ட ஆறாவதும் கடைசியுமான இசைத்தொகுப்பு ஆகும். சிபிஎஸ் நிறுவனம் இதனை 1985 நவம்பரில் வெளியிட்டது. குழுவினரே பின்னர் தமது வரலாற்றிலிருந்து ஒதுக்கிவிட்ட தொகுப்பு என்பதால் இது ராக் இசை வரலாற்றில் தனித்துக் குறிப்பிடப்படுகிறது.

பின்னணி

த கிளாஷ் 1976ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்டது. ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்சும் இணைந்து எழுதிய பாடல்களே குழுவின் அடித்தளமாக இருந்தன. 1979இல் வெளியான லண்டன் காலிங் இவர்களுக்கு உலகப் புகழ் தந்தது. மேளக் கலைஞர் டாப்பர் ஹெடன் போதைப் பழக்கத்தின் காரணமாக 1982இல் நீக்கப்பட்டார். 1983இல் மிக் ஜோன்சும் நீக்கப்பட்டார். எஞ்சிய ஸ்ட்ரம்மரும் பால் சிமோனனும், அதே ஆண்டில் சேர்ந்திருந்த மேளக் கலைஞர் பீட் ஹோவர்டுடன் நிக் ஷெப்பர்ட், வின்ஸ் வைட் ஆகிய கிட்டார் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர்ந்தனர். புதியவர்கள் வாரச் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டவர்கள்.

இப்புதிய குழு 1984 டிசம்பரில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக இலண்டனில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியது.

ஒலிப்பதிவு

ஒலிப்பதிவின் பெரும்பகுதி 1985இன் தொடக்கத்தில் செருமனியின் மியூனிக் நகரில் நடைபெற்றது. குழுவின் மேலாளர் பெர்னி ரோட்சு பாடல்களின் இணை ஆசிரியராக இடம்பெற்றதுடன் தயாரிப்பையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். உறையில் தயாரிப்பாளர் பெயர் ஹோசே யூனிடோஸ் என்ற புனைபெயரில் உள்ளது.

மேடையில் ஹோவர்ட் வாசித்த மேளத்திற்குப் பதிலாகப் பெரும்பாலும் தாள இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இது முன்கூட்டியே நிரல்படுத்திய தாளத்தை ஒலிக்கும் கருவியாகும். குழுவின் உறுப்பினர் அல்லாத நார்மன் வாட்-ராய் பேஸ் கிட்டார் வாசித்தார். பல பாடல்களின் மீது கூட்டமாகக் கத்தும் குரல்கள் சேர்க்கப்பட்டன. இதனால் மேடையில் கேட்ட குழுவும் இசைத்தட்டில் கேட்ட குழுவும் வெவ்வேறாக ஒலித்தன.

வரவேற்பும் கலைப்பும்

இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இத்தொகுப்பு 16ஆம் இடத்தையும், இதிலுள்ள திஸ் இஸ் இங்கிலாந்து என்ற பாடல் 24ஆம் இடத்தையும் பிடித்தன. எனினும் விமர்சகர்கள் தொகுப்பைக் கடுமையாகக் குறைகூறினர். ஸ்ட்ரம்மர் மிக் ஜோன்சைத் தேடி பகாமாசு தீவுகளுக்குச் சென்று மீண்டும் இணைய அழைத்தார். ஜோன்சு அதற்குள் பிக் ஆடியோ டைனமைட் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கியிருந்ததால் மறுத்துவிட்டார். 1986இல் த கிளாஷ் கலைக்கப்பட்டது. ஆயினும் அதே ஆண்டு வெளிவந்த ஜோன்சின் இரண்டாவது தொகுப்பை ஸ்ட்ரம்மர் அவருடன் இணைந்து தயாரித்தார்.

கைவிடப்படல்

தொகுப்பைத் திரும்பப் பெறுவதாக முறையான அறிவிப்பு எதுவும் இல்லை. விடுபடுதலே மறுப்பாக அமைந்தது. 1988, 1991 ஆண்டுகளில் வெளியான திரட்டுகளில் இதன் பாடல் ஒன்றுகூட இடம்பெறவில்லை. 2013இல் வெளியான சவுண்ட் சிஸ்டம் என்ற பெட்டித் தொகுப்பில் முதல் ஐந்து இசைத்தொகுப்புகள் மட்டுமே உள்ளன. விதிவிலக்காக, 2003இல் வந்த தெரிவுத் திரட்டில் திஸ் இஸ் இங்கிலாந்து சேர்க்கப்பட்டது.

ஒரு தொகுப்பைக் கைவிடும்போது அதில் உழைத்தவர்களும் சேர்ந்து மறைகின்றனர். 2003இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் த கிளாஷ் சேர்க்கப்பட்டபோது ஷெப்பர்ட், வைட், ஹோவர்ட் ஆகிய மூவரின் பெயர்களும் இடம்பெறவில்லை. மேடைகளில் வாசித்த இவர்களுக்கு, தயாரிப்பு முடிவுகளில் பெரிய பங்கு இருக்கவில்லை.

ஒப்பிடத்தக்கவை

அமெரிக்காவின் பான்டெரா குழு 1983 முதல் 1988 வரை வெளியிட்ட நான்கு தொகுப்புகளைப் பின்னர் ஒதுக்கிவிட்டு, 1990இல் வந்த கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல் தொகுப்பையே தமது தொடக்கமாக முன்வைத்தது. பான்டெரா ஒதுக்கியது தன் தொடக்கத்தை. த கிளாஷ் ஒதுக்கியது தன் முடிவை.