சித்திரகாரப்புலியும் நகை நாடகமும்

2019 வரை நம் திருக்கோவிலூரும் மண்டகப்பட்டும் ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி அயன், அரன், அரி மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் என்று மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு கூறும். அவ்விசித்திரசித்தன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனே. சித்திரகாரப்புலி, மத்தவிலாசன் என்னும் பட்டங்களும் அவனுக்கு உண்டு. முன்னது தூரிகையைக் குறிப்பது. பின்னதோ, அவன் இயற்றிய வடமொழி நகை நாடகத்தின் பெயரோடு ஒன்றுவது.

நாடகக் கதை எளியது. கள்ளுண்டு மயங்கிக் காஞ்சித் தெருவில் காதலியுடன் திரியும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைக்கிறான், பௌத்தத் துறவியைத் திருடன் என்கிறான், பாசுபதன் நடுவராகிறான். இறுதியில், நாய் கவ்விச் சென்ற கபாலம் ஒரு பித்தனின் கையில் வந்து சேர்கிறது. இதில் ஒரு காட்சியையேனும் அப்புலி வண்ணத்தில் தீட்டியிருப்பானோ?

வீண் கற்பனை என்று இவ்வினாவைத் தள்ள வேண்டுவதில்லை. உரோம நாட்டில் நகை நாடகக் காட்சிகள் வீட்டுச் சுவர்களிலும் தரைகளிலும் இடம்பெற்றன. கி.பி. 79இல் வெசூவிய எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், முகமூடியணிந்த மூன்று பெண்கள் மேசையைச் சூழ்ந்திருக்கும் படம் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. ஓவியமோ என மயங்குமளவுக்கு நுண்ணிய வண்ணக் கற்களைப் பதித்துச் செய்தவன் சாமோசு தீவினனாகிய தியோசுகுரிதேசு. தன் பெயரையும் அதில் பொறித்துள்ளான். சூனியக்காரியிடம் குறிகேட்கும் பெண்கள் என்றே அறிஞர் நெடுங்காலம் அதற்குப் பொருள் கூறினர். 1960களில் கிரேக்க நாட்டு மித்திலீனியில் அதே காட்சி நாடகப் பெயரோடும் பாத்திரப் பெயர்களோடும் கிடைத்தது. அது மெனாந்தர் என்னும் கிரேக்கப் புலவரின் நாடகம். அதைத் தழுவியே உரோமப் புலவர் பிளாத்தசு தம் நகை நாடகம் ஒன்றை இலத்தீனில் ஆக்கினார். பெயரெழுதிய கை ஒன்று இல்லையேல், சூனியக்காரி இன்றும் குறிசொல்லிக் கொண்டுதான் இருந்திருப்பாள்!

நம் நாட்டிலும் இத்தகைய திருத்தம் ஒன்று நிகழ்ந்தது. சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரனுக்கு உரியனவாகவே முன்னோர் எழுதினர். அங்குள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டோ, பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கூறுகிறது. அதனால், சித்திரகாரப்புலி தீட்டியது என்று உறுதியாகச் சுட்டத்தக்க ஓவியம் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. புலியின் கைவண்ணம் போயிற்று. அவன் சிரிப்பு மட்டும் பிழைத்தது. அதுவும் தமிழகத்தில் அன்று. கேரளத்தில் பேணப்பட்ட சுவடிகளைக் கொண்டு கணபதி சாத்திரியார் 1917இல் திருவனந்தபுரத்தில் நாடகத்தை அச்சிட்டார். சாக்கியர்கள் அதைக் கோயிற் கூத்தாகவும் போற்றி வந்துள்ளனர். காஞ்சித் தெருவின் கள்வெறியைக் காக்க மலைநாட்டுக் கோயில்கள் வேண்டியிருந்தன என்பதில் எனக்குச் சிறிது நாணமும் உண்டு.

நம் பக்கத்தில் பல்லவர் வண்ணத்தைக் காண விரும்புவோர் பனைமலைக்குச் செல்லலாம். மகேந்திரன் வழிவந்த இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், சிவனின் ஆடலைக் கண்டு நிற்கும் தேவியின் உருவம், குடையும் முடியுமாகச் சுவரில் எஞ்சியிருக்கிறது. ஆடுபவன் உருவம் பெரிதும் அழிந்துவிட்டது. பார்ப்பவள் மட்டும் ஒருகால் மடித்துச் சாய்ந்து நின்று இன்னும் பார்த்துக் கொண்டிருக்கிறாள்.