கருவறைச் சோதனையும் நம் மண்ணின் வரலாறும்



மதரசாவின் பெண்கள் வகுப்பு முடிந்ததும், கருவுற்றிருந்த சகோதரி ஒருவர் தயக்கத்தோடு கேட்டார். பிள்ளைக்குப் பிறவிக் குறை உண்டா என்றறிய இரத்தப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். மாமியாரோ வேண்டாம் என்கிறார். “பார்த்தா தக்தீரை நம்பாத மாதிரி ஆயிருமா ஹஜ்ரத்?” என்பதே அவரது கேள்வி. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் நாம் விடை கூறவில்லை. இத்தகைய சோதனைகளைக் கண்டு நம் பெண்கள் அஞ்சுவதற்கு ஒரு வரலாறு உண்டு.

1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலைகளை ஓர் ஆங்கில இதழ் வெளிக்கொணர்ந்தது. அன்று தேனியும் மதுரை மாவட்டத்திற்குள் இருந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் அது விரிவாக்கப்பட்டபோது அப்பட்டியலில் தேனியும் இடம்பெற்றது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை மறுமையில் விசாரிக்கப்படுவாள் என்று அத்தக்வீர் அத்தியாயம் எச்சரிப்பதை ஓதும் நாம், இதை அண்டை வீட்டார் கதையாகக் கருதிக் கடந்துவிட இயலாது.

1970களின் நடுவில் பனிக்குட நீர்ச் சோதனை இந்தியாவுக்கு வந்தது. பரம்பரை நோய்களை அறிவதே அதன் நோக்கம். ஆயினும் சில ஆண்டுகளிலேயே அது பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியாயிற்று. ஆகவே 1994இல் சட்டம் இயற்றப்பட்டு, 1996 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் மையங்களில் நாம் காணும் அறிவிப்புப் பலகை அதன் விளைவே.

அச்சட்டம் சோதனையை முற்றிலும் தடுக்கவில்லை. குரோமோசோம் குறைபாடு, பரம்பரை இரத்த நோய், பிறவி ஊனம் ஆகியவற்றை அறிய அனுமதிக்கிறது. ஆனால் பக்க விளைவுகளை விளக்கி, கருவுற்ற பெண்ணுக்குப் புரியும் மொழியில் அவளுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. கணவரோ மாமியாரோ அவளுக்காகக் கையொப்பமிட முடியாது.

மார்க்க அறிஞர்களும் இதை ஆராய்ந்துள்ளனர். 1990இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹு சபை, கருவுக்குத் தீர்க்கவியலாத கடும் குறை இருப்பதை நம்பத்தகுந்த நிபுணர் குழு உறுதிசெய்தால், 120 நாள்களுக்கு முன் பெற்றோர் விருப்பத்தின்படி கலைக்கலாம் என்றது. அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அனுமதி. 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத் திருத்தமோ, கடும் குறையெனில் மருத்துவ வாரியத்தின் முடிவின்படி 24 வாரங்களுக்குப் பின்னும் இடமளிக்கிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கம் அனுமதிப்பதாகாது.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். 120 நாள் என்பது கருத்தரித்ததிலிருந்து எண்ணப்படுவது. மருத்துவர்களோ கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகின்றனர். அவர்கள் கணக்கில் அது ஏறத்தாழ 19 வாரம். விரிவான ஸ்கேன் எடுக்கப்படுவதும் ஏறக்குறைய அவ்வேளையில்தான். ஆகவே, கேள்வியை ஐந்தாம் மாதம்வரை ஒத்திப்போடலாகாது. மேலும், இரத்தப் பரிசோதனை வாய்ப்பை மட்டுமே காட்டும். உறுதிசெய்ய மற்றொரு சோதனை தேவை.

அச்சகோதரியிடம் நாம் கூறியது இதுவே: அறிந்துகொள்வது தக்தீரை மறுப்பதாகாது. அறிந்தபின் அக்குழந்தையை வரவேற்க ஆயத்தமாவதும் ஒரு முடிவே. சோதனை வேண்டாம் எனினும் குற்றமில்லை. ஆனால் அந்த முடிவு அச்சத்தாலோ பிறர் வற்புறுத்தலாலோ வரக்கூடாது. குடும்பத்தார் ஆலோசனை கூறலாம். இஸ்திகாராத் தொழுகை உண்டு. மருத்துவரிடம் எத்தனை முறையும் கேட்கலாம்.

நம் தாய்மார்களுக்குத் தெளிவையும், அவர்கள் சுமக்கும் பிள்ளைகளுக்கு நலத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.