உடுக்கள் பிறவாத காரணம்

அந்திப் பொழுதிலே கொட்டாஞ்சேனையில் நின்று வானை நோக்குவார்க்குத் துறைமுக விளக்கொளியினிடையே ஒருசில உடுக்களே புலப்படும். அவ்வானின் ஆழத்திலே, உடுமண்டலங்கள் நூற்றுக்கணக்கிற் கூடிய கொத்துக்கள் உள. பெருங்கொத்தின் நடுவில் ஒரு பேருடுமண்டலம் வீற்றிருத்தல் பெருவழக்கு. அதனகத்தே புதிய உடுக்கள் பிறக்கின்றனவா என்னும் வினாவின் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

1970ஆம் ஆண்டு டிசெம்பரிற் கென்யாக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பெற்ற 'உகுரு' என்னுஞ் செய்மதி, இக்கொத்துக்கள் பல எக்ஸ்-கதிர்களை வீசுதலைக் காட்டிற்று. கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய வாயுவே அக்கதிர்களின் பிறப்பிடம். கதிர் வீசும் வாயு வெப்பம் இழக்கும், இழந்தது நடுவை நோக்கிச் சென்று செறியும், செறிந்தது உடுவாகும். இதுவே 1977ஆம் ஆண்டளவில் அறிஞர் வகுத்த கொள்கை. அக்கணக்கின்படி சில கொத்துக்களின் நடுவே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஞாயிறுகளின் திணிவுக்கு நிகராக உடுக்கள் தோன்றுதல் வேண்டும். தேடியவர்க்குக் கிடைத்ததோ அதிற் சிறு பங்கே. கணக்குப் பிழையா, காட்சி பிழையா என வாதம் நெடுநாள் நிகழ்ந்தது.

1999ஆம் ஆண்டு ஜூலையில் 'சந்திரா' எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி ஏவப்பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1983இல் நோபெற் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது அது. சுமார் 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பேர்சியசுக் கொத்தின் நடுவே பெருங்குமிழிகளை அது தெளிவுறக் காட்டிற்று. நடுமண்டலத்துக் கருந்துளையின் அயலிலிருந்து எழும் தாரைகள் வாயுவைத் தள்ளி அவற்றை ஆக்கின. அங்கிருந்து பரவும் ஒலியலைகளும் 2003இல் அறிவிக்கப்பட்டன. இவ்வாற்றலே வாயுவை ஆறவிடாது தடுக்கின்றது எனப் பெரும்பாலார் கொண்டனர். கருந்துளைகளின் கணிதத்தை ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்டவர் சந்திரசேகர். 1995இல் மறைந்த அவர் இக்காட்சியைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

பழைய கொள்கை முற்றும் பொய்த்ததுமன்று. பீனிக்சுக் கொத்தின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 740 ஞாயிறுகளின் திணிவளவு உடுக்கள் பிறத்தல் 2012இல் வெளியாயிற்று. நமது பால்வழியிற் பிறப்பன ஓரிரு ஞாயிற்றளவே. பீனிக்சிற் கருந்துளை ஊட்டும் வெப்பம் போதாமையே காரணம் என்பர்.

விடை பொருந்தாதவிடத்துத் தம் கணக்கை அழித்துப் புத்தகத்து விடையை எழுதிவிடும் மாணவரை யான் வகுப்பிலே கண்டதுண்டு. இவ்வறிஞர் அங்ஙனஞ் செய்திலர். பொருந்தாமையை மறையாது பதித்துவைத்தனர். அப்பொருந்தாமையே கருந்துளையின் தொழிலை அறிவதற்கு வாயிலாயிற்று.