புளூடூத் மறையாக்கத் திறவுகோலின் நீளம்: ஒரு வரலாற்று நோக்கு

1999இல் வெளிவந்த புளூடூத் தரவிதிகள், மறையாக்கத் திறவுகோலின் நீளம் 1 பைட் முதல் 16 பைட் வரை அமையலாம் என வகுத்தன. மறையாக்கக் கருவிகளின் ஏற்றுமதிக்கு நாடுகள் விதித்திருந்த கட்டுப்பாடுகளே இந்நெகிழ்வுக்குக் காரணமாகும். இணையும் இரு கருவிகளும் நீளத்தைத் தமக்குள் உடன்பட்டு முடிவுசெய்தன. மறையாக்கம் தொடங்குமுன் நிகழும் அவ்வுடன்பாட்டிற்குக் காப்பு ஏதுமில்லை.

2000இல் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. 2010இல் வெளியான புளூடூத் நான்காம் பதிப்பு, புதிய குறையாற்றல் இணைப்பிற்கு 7 பைட் என்னும் கீழெல்லையை வகுத்தது. பழைய வகை இணைப்பின் கீழெல்லையோ 1 பைட்டாகவே நீடித்தது.

இதன் விளைவை அன்டோனியோலி, டிப்பன்ஹாவர், ராஸ்முசென் ஆகிய மூவரும் 2019இல் மெய்ப்பித்தனர். இடைப்புகுந்து உடன்பாட்டைத் திரிப்பவர், நீளத்தை 1 பைட்டாகக் குறைத்துவிட இயலும். அந்நிலையில் சோதிக்க வேண்டியவை 256 திறவுகோல்களே. கருவியைப் பயன்படுத்துவோர் இதனை அறியார். அதே ஆண்டில் புளூடூத் கூட்டமைப்பு பழைய வகைக்கும் 7 பைட்டையே குறைந்த அளவாகப் பரிந்துரைத்தது.

16 பைட் திறவுகோலுக்கு விதியில் தொடக்கம் முதலே இடமிருந்தது. குறுகிய திறவுகோலைக் கருவி மறுத்தாக வேண்டும் என்னும் கட்டாயமே இல்லாதிருந்தது. சட்டத் தேவை தளர்ந்த பின்னரும், அதற்கென அமைந்த நெகிழ்வு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தரவிதியில் நிலைத்தமைக்கு இவ்வரலாறு சான்றாகிறது.