கடல் கடந்த கிடங்கு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நடக்கிறவர்களுக்கு 'குடோன் வாடகைக்கு' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. 1964-ம் ஆண்டில் ஏற்பட்ட பேட்டை அது. சரக்கு லாரி வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கட்டடங்களுக்கெல்லாம் அங்கே இந்தப் பெயர்தான். தமிழில் தீராத பற்றுள்ள என் நண்பர் ஒருவர் அந்தப் பலகையைக் கண்டாலே முகம் சுளிப்பார். "கிடங்கு என்று எழுதினால் கை சுளுக்கிக் கொள்ளுமா, ஸார்?" என்பார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் விரட்ட நினைக்கும் அந்நியன், வேஷம் மாறி வந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது?

ஆங்கிலம் படித்தவர்கள் சிலர் இச்சொல்லை 'கோ, டௌன்' என்று இரண்டாகப் பிளந்து, நிலவறைக்குள் இறங்கிப் போவதால் வந்த பெயர் என்று விளக்குவார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது, உண்மைதான் இல்லை. காதில் விழுந்த புதுச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொற்களாக மாற்றி எழுதுவது எல்லா ஜாதி மனிதருக்கும் உள்ள வழக்கம்.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் துரையை நான் நன்றியோடு நினைப்பதுண்டு. சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர் அவர். யூல் என்பவரோடு சேர்ந்து, இந்தியாவில் வெள்ளைக்காரர் வாயில் புழங்கிய சொற்களுக்கு 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியையும் தொகுத்தார். 1886-ல் அது அச்சாகி வந்தபோது பர்னெல் உயிரோடில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்த அகராதி காட்டும் வழி இது: ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் மலாய் மொழியின் 'குடாங்'. அதற்கும் மூலம் தென்னிந்தியாவில் இருக்கலாம். தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு; சரக்கு கிடக்கும் இடம். இடையில் போர்ச்சுகீசியரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1511-ல் மலாக்காவைப் பிடித்த அவர்கள் வாயில் அது 'குடாவ்' என்று உருமாறியது.

தமிழா, தெலுங்கா என்று வழக்காடுவதில் எனக்கு உற்சாகமில்லை. அக்காள் தங்கை வீட்டுச் சொத்து அது. சோழமண்டலக் கரைக்கும் மலாய் நாட்டுக்கும் இருந்த வியாபாரம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் கப்பல் அங்கே 'காப்பால்' ஆயிற்று; கடை 'கெடாய்' ஆயிற்று; பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பலும் கடையும் பெட்டியும் போன இடத்துக்குக் கிடங்கு மட்டும் போகாதிருக்குமா?

பின்னாளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சிங்கப்பூர் மார்க்கெட் வீதியில் வரிசையாகக் கைப்பெட்டியை வைத்துக்கொண்டு லேவாதேவி நடத்திய வீடுகளுக்கும் 'கிட்டங்கி' என்றே பெயர். சரக்குக்குப் பதில் அங்கே பணமும் கணக்குப் புத்தகமும் கிடந்தன. இரவில் மனிதர்களும் பாய் விரித்துக் கிடந்தார்கள்.

என் கதைகளில் நான் எழுதும்போது கிடங்கு என்றுதான் எழுதுகிறேன். லாரிக்காரர் பேசினால் குடோன் என்றே பேச விடுகிறேன். அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வருவதில்லை.

ஜாவாத் தீவின் கெடிரி நகரில் 1958-ல் தொடங்கிய பெரிய சிகரெட் கம்பெனிக்கு 'குடாங் காரம்' என்று பெயர். மிளகாய்க் கிடங்கென்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பாஷையில் காரம் என்றால் உப்பு!